நாவிதர் பீட்டரும் லூத்தரின் அமைதி வேளையும்

ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கிற நேரத்தில் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பள்ளிக்கூடத்தில் மைண்ட்ஃபுல்னஸ் என்று சொல்லி பிள்ளைகளைக் கண்ணை மூடி உட்கார வைக்கிறார்களாம். அது நமக்கு ஆகுமா சிஸ்டர்?" பிள்ளைகள் கேட்பது வேறு. "பரீட்சை நெருங்கினால் நெஞ்சு படபடக்கிறது அக்கா, ராத்திரி தூக்கமே வருவதில்லை, என்ன செய்ய?" இரண்டு கேள்வியும் சில நேரம் ஒரே வீட்டிலிருந்து வருகின்றன. தாய் கேட்டது மகளுக்குத் தெரியாது, மகள் கேட்டது தாய்க்குத் தெரியாது.

ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் நம் திருச்சபைச் சரித்திரத்திலேயே இதற்கு நீளமான பதில் ஒன்று இருக்கிறது; அதை நம்மில் பலருக்கு யாரும் சொன்னதில்லை. அமைதியாக உட்கார்ந்து, ஒரு சிறு வார்த்தையை மெதுவாக மென்று, அலைகிற மனதை ஓரிடத்தில் நிறுத்துகிற பழக்கம் சீர்திருத்த நாட்களிலேயே நம் வீட்டில் இருந்தது. ஜெர்மனியில் ஒரு நாவிதருக்காக எழுதப்பட்ட சின்னப் புத்தகத்தில் அது இருக்கிறது. அங்கே போவதற்கு முன் வேதாகமத்தில் ஒரு சொல்லைப் பார்த்துவிடுவோம்.

நம் தமிழ் வேதாகமம் தியானம் என்ற சொல்லுக்குப் பயப்படவே இல்லை. முதலாம் சங்கீதத்திலும் யோசுவா முதலாம் அதிகாரத்திலும் அந்தச் சொல்தான் நிற்கிறது. அந்த இரண்டு இடங்களிலும் எபிரெயத்தில் உள்ள வினைச்சொல் ஹாகா. அதன் பொருள் வாய்க்குள் முணுமுணுப்பது. ஏசாயாவில் இரையைப் பிடித்த சிங்கம் உறுமுவதற்கும் (31:4), எசேக்கியா ராஜா புறாவைப்போல் புலம்புவதற்கும் (38:14) இதே சொல்தான் வருகிறது. ஆக, சங்கீதக்காரன் சொல்லும் தியானத்தில் மனதை வெறுமையாக்குவது இல்லை. ஒரு வசனத்தை உதட்டில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப மெதுவாகச் சொல்லுவது அது. நம் பாட்டிமார் அடுப்படியில் சங்கீதத்தை முணுமுணுத்துக்கொண்டே சோறு வடித்ததை நினைத்துக்கொள்ளுங்கள். எபிரெயச் சொல்லுக்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

எகிப்தின் வனாந்தரத்தில் வாழ்ந்த பழைய துறவிகள் இதை நாள் முழுவதும் செய்யும் பயிற்சியாக்கினார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் ஜான் காசியன் என்பவர் அவர்களிடம் கற்றதை எழுதிவைத்தார். 70ஆம் சங்கீதத்தின் முதல் வசனம் ஒன்றையே வேலையிலும் வழியிலும் படுக்கையிலும் சொல்லிக்கொண்டிருக்கும்படி அவர்கள் போதித்ததாக அவர் சொல்லுகிறார். பின்னர் மடங்கள் வளர்ந்தன, ஒழுங்குகள் வளர்ந்தன. இரவும் பகலும் குறித்த மணிகளில் இத்தனை சங்கீதங்கள் என்று கணக்கு வந்தது. கணக்கு வந்த இடத்தில் கடனும் வந்தது.

அந்தக் கடனில் சிக்கியவர்களில் ஒருவர் மார்ட்டின் லூத்தர். 1505இல் மடத்தில் சேர்ந்தவர். பிறகு விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் பாடம், பிரசங்கம், மடத்து நிர்வாகம் என்று வேலைகள் குவிந்தன. குறித்த மணிகளின் ஜெபங்களைச் சொல்ல முடியவில்லை. ஆகவே வாரம் முழுவதும் விட்டதையெல்லாம் சேர்த்துவைத்து, சனிக்கிழமை அறைக்கதவை அடைத்துக்கொண்டு, உண்ணாமல் குடிக்காமல் சொல்லித் தீர்த்தார். தலை சுற்றியது, உறக்கம் போயிற்று, படுக்கையில் விழுந்தார். கடைசியில் 1520ஐ ஒட்டி அந்தக் கணக்கையே விட்டுவிட்டார். இதைப் பின்னாளில் சாப்பாட்டு மேசையில் அவரே நண்பர்களுக்குச் சொன்னார். நாலைந்து நாள் நைட் டியூட்டி பார்த்துவிட்டு விடுமுறை நாளில் தூக்கக் கடன், வீட்டு வேலைக் கடன், ஜெபக் கடன் எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைக்கப் பார்க்கிற என் தோழிகளுக்கு இந்த லூத்தரை நன்றாகவே தெரியும்.

நம் பிரசங்கங்களில் அதிகம் வருகிற லூத்தர் வேறு ஒருவர்: நாளுக்கு மூன்று மணி நேரம் ஜெபித்தவர். அது பொய்யல்ல. 1530இல் கோபர்க் கோட்டையில் அவரோடு தங்கியிருந்த வைட் டீட்ரிக் அப்படித்தான் கடிதம் எழுதினார். ஆனால் அந்த மாதங்களில் லூத்தர் கோட்டைக்குள் ஒதுங்கியிருந்தவர். வாலிபர் முகாம்களில் அந்த மூன்று மணி நேரத்தைக் கேட்டுவிட்டு, பத்து நிமிடம்கூட உட்கார முடியாத தாங்கள் விசுவாசிகளே அல்ல என்று முடிவு கட்டிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களுக்கு நாம் காட்டவேண்டியது கோட்டையில் இருந்த லூத்தரை அல்ல. ஐந்து வருடம் கழித்து, கடைக்குப் போகிற ஒரு தொழிலாளிக்கு எழுதிய லூத்தரைக் காட்டவேண்டும்.

அந்தத் தொழிலாளியின் பெயர் பீட்டர் பெஸ்கென்டார்ஃப். விட்டன்பர்க் ஊரின் நாவிதர், லூத்தரின் பழைய நண்பர். அந்தக் காலத்து ஐரோப்பாவில் நாவிதர் என்றால் முடிவெட்டுவதோடு முடிந்துவிடாது. இரத்தம் வாங்குவது, காயம் கட்டுவது, கட்டி கீறுவது எல்லாம் அவர்கள் கைவேலைதான். நம் ஊரிலும் அந்தச் சமூகத்தாரை மருத்துவர் என்றும், பிரசவம் பார்த்த அவர்கள் வீட்டுப் பெண்களை மருத்துவச்சி என்றும் அழைத்தார்கள். ஆக, பீட்டர் என் தொழிலுக்கு ஒருவகையில் உறவுக்காரர். அவர் லூத்தரிடம் கேட்டது மிகச் சாதாரணமான கேள்வி: எப்படி ஜெபிப்பது?

பதில் 1535இன் தொடக்கத்தில் சிறு புத்தகமாக அச்சில் வந்தது. ஒரு நல்ல நண்பருக்கு ஜெபிக்க எளிய வழி என்பது அதன் தலைப்பின் கருத்து. அதில் லூத்தர் தன்னைப் பற்றிச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார். வேறு வேலைகளாலும் எண்ணங்களாலும் தன் மனம் குளிர்ந்து, ஜெபிக்கப் பிடிக்காமல் போகும்போது, சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்கு ஓடுவாராம். பத்துக் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் சின்னப் பிள்ளைகள் சொல்லுவதுபோல வாய்க்குள் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லுவாராம், மனம் சூடேறும்வரை. ஹாகா என்ற சொல் எங்கே வந்து சேர்ந்திருக்கிறது பாருங்கள். காலையில் முதல் வேலையாகவும் இரவில் கடைசி வேலையாகவும் இதைச் செய் என்கிறார். இன்னும் ஒரு மணி நேரம் கழித்து ஜெபிக்கலாம், முதலில் இதை முடித்துவிடுவோம் என்று சொல்லுகிற எண்ணத்தை நம்பாதே என்றும் எச்சரிக்கிறார்.

பிறகு வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். நல்ல நாவிதன் தன் கத்தியின்மேலும் எதிரில் இருப்பவரின் தாடியின்மேலும் கண்ணையும் மனதையும் வைத்திருக்கவேண்டும். வாயாடிக்கொண்டு வேறெங்கோ பார்த்தால் மூக்கையோ கழுத்தையோ அறுத்துவிடுவான் என்கிறார். ஜெபத்துக்கும் அதே கவனம்தான். பீட்டருக்கு அவர் தொழிலை வைத்தே கவனம் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்துவிட்டார். மருந்து அளந்து ஊசியில் ஏற்றும்போது பக்கத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் நாங்களும் ஒரு நிமிடம் என்று கையைக் காட்டி நிறுத்துவோம். அந்தக் கவனம் ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. பரீட்சை எழுதும் பிள்ளைகளிடமும் கார் ஓட்டுகிறவர்களிடமும் இருக்கிறது. அதைப் புதிதாக எங்கும் போய் வாங்கவேண்டியதில்லை.

முறையும் எளிதுதான். ஒரு கட்டளையையோ கர்த்தருடைய ஜெபத்தின் ஒரு விண்ணப்பத்தையோ எடுத்துக்கொள்ளவேண்டும். அதை நான்கு இழையாகப் பிரித்துப் பின்னவேண்டும்: இது எனக்கு என்ன கற்றுக்கொடுக்கிறது, இதற்காக எதற்கு நன்றி சொல்லலாம், இதில் எதை அறிக்கையிடவேண்டும், இதை வைத்து என்ன கேட்கலாம். நான்கு இழையில் பின்னிய மாலை என்கிறார். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க முயலாதே, ஆவி களைத்துப்போகும் என்கிறார். ஒரு பகுதியே போதும், பாதிப் பகுதியும் போதும். நடுவில் நல்ல எண்ணம் ஒன்று வந்துவிட்டால் மற்ற வார்த்தைகளையெல்லாம் விட்டுவிட்டு மௌனமாக உட்கார்ந்து கேள், அப்போது பிரசங்கிப்பவர் பரிசுத்த ஆவியானவர் என்கிறார். சனிக்கிழமைகளில் ஜெபக் கடன் அடைத்து நோயில் விழுந்த மனிதர் எழுதியது இது. அந்தப் பாடத்தின் விலை அவருக்குத் தெரியும்.

கதையை இங்கே நிறுத்திவிட்டால் வாலிபர் கூட்டத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் நடந்ததை முழுதும் சொல்லவேண்டும்.

அதே 1535இல், ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, பீட்டர் தன் மருமகன் டீட்ரிக் உடன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். டீட்ரிக் போர்வீரன். தன் உடலில் எந்த ஆயுதமும் ஏறாது என்று வீம்பு பேசினான். குடித்திருந்த பீட்டர் கத்தியை எடுத்துக் குத்திவிட்டார். மருமகன் செத்துப்போனான். புத்தகம் வெளிவந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. மரண தண்டனை வந்திருக்கவேண்டிய குற்றம் அது. லூத்தரும் மற்ற நண்பர்களும் பரிந்து பேசியதால் உயிர் தப்பியது. ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, சொத்தை இழந்து, டெஸ்ஸாவ் நகரில் போய் வாழ்ந்தார்.

தியானம் செய்தால் கோபம் போகும், குடும்பம் செழிக்கும், இரத்த அழுத்தம் இறங்கும் என்று உறுதி கொடுக்கிறவர்கள் இந்தக் காலத்தில் நிறைய. பீட்டரின் கதை அந்த உறுதிச்சீட்டைக் கிழித்துவிடுகிறது. உலகத்திலேயே சிறந்த ஆசிரியர் அவருக்கென்றே எழுதிக்கொடுத்திருந்தார். குடியும் கோபமும் ஒரே மேசையில் உட்கார்ந்த இரவில் அது அவர் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. லூத்தரோ புத்தகத்தைத் திரும்பப் பெறவும் இல்லை, நண்பரைக் கைவிடவும் இல்லை. அந்தப் புத்தகம் மறுபடி மறுபடி அச்சிடப்பட்டது, பீட்டரின் பெயரோடு.

நாம் வாழும் இந்த இங்கிலாந்திலும் ஒருவர் இதே வேலையைச் செய்தார். ரிச்சர்ட் பாக்ஸ்டர், கிடர்மின்ஸ்டர் ஊரின் போதகர். வாழ்நாள் முழுவதும் நோயாளி. உள்நாட்டுப் போரில் படையோடு இருந்தவர், 1647இல் மூக்கிலிருந்து இரத்தம் கொட்டிச் சாகக் கிடந்தார். நண்பர் வீட்டில் படுத்தபடி, இனி தனக்கு மோட்சத்தைப் பற்றி நினைப்பதைத் தவிர வேறு வேலையில்லை என்று எழுத ஆரம்பித்தார். அது பெரிய புத்தகமாக வளர்ந்து, பரிசுத்தவான்களின் நித்திய இளைப்பாறுதலைப் பற்றியதாக 1650இல் வெளிவந்தது. அதன் கடைசிப் பகுதி முழுவதும் தியானம் செய்வது எப்படி என்பதுதான்.

பாக்ஸ்டர் சொல்லுவதில் நர்ஸ் ஒருத்திக்குக் கண்ணில் படுவது நேரம். தினமும் ஒரே வேளை, குறித்த வேளை, தனிமையான இடம் என்று கண்டிப்பாகச் சொல்லுகிறார். ஈசாக்கு சாயங்காலத்தில் வெளியே போனதைக் காட்டி, தனக்கும் சூரியன் இறங்குவதிலிருந்து இருட்டுகிறவரை உள்ள வேளைதான் ஒத்துவருகிறது என்கிறார். பிரசங்கம் கேட்பதும் வாசிப்பதும் சாப்பிடுவது மாதிரி, தியானம் செரிப்பது மாதிரி என்பது அவர் தரும் ஒப்புமை. செரிக்காமல் தின்றுகொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. ஒரே நாளில் மூன்று யூடியூப் பிரசங்கம் கேட்டுவிட்டு ஒன்றும் நினைவில்லாமல் படுக்கப்போகிற நமக்கு இது பொருந்தும்.

ஆனால் பாக்ஸ்டரை நான் மதிப்பது இன்னொரு காரணத்துக்காக. கிடர்மின்ஸ்டரில் வைத்தியர் இல்லாத வருடங்களில் அவரே ஊராருக்குக் காசு வாங்காமல் மருந்து சொன்னவர். மன நோவு உள்ளவர்கள் தூரத்திலிருந்தும் அவரைத் தேடி வந்தார்கள். அந்த அனுபவத்தோடு 1673இல் கிறிஸ்தவ நடைமுறை பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அதில் மனச்சோர்வு நோய் உள்ளவர்களுக்குத் தனி அறிவுரை இருக்கிறது. தியானத்துக்கு இங்கிலாந்திலேயே பெரிய ஆசிரியர், இவர்களுக்கு என்ன சொன்னார் தெரியுமா? தியானம் உங்கள் கடமை அல்ல என்றார். தனியாக உட்காராதீர்கள், மனதுக்குள் ஆழமாகத் தோண்டாதீர்கள், நல்லவர்களோடு சேர்ந்து இருங்கள், கையில் வேலை வைத்துக்கொள்ளுங்கள், ஜெபம் குறுகியதாக இருக்கட்டும், வைத்தியரிடம் போங்கள், மருந்தை மறுக்காதீர்கள். போக மறுத்தால் வீட்டார் வற்புறுத்திக் கூட்டிப்போகவேண்டும் என்றும் எழுதினார்.

350 வருடங்களுக்கு முன் எழுதியது. நம் சபைகளில் இன்றும் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது. வாரக்கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல், பிடித்ததெல்லாம் கசந்துபோய் உட்கார்ந்திருக்கிற வாலிபனிடம், "இன்னும் கொஞ்சம் அதிகமாய் ஜெபி தம்பி, கர்த்தருடைய பாதத்தில் காத்திரு" என்று சொல்லி அறைக்குள் அனுப்புவது அன்போடு செய்யப்படுவதுதான். என் வேலையில் அதன் மறுபக்கத்தைப் பார்க்கிறேன். தனியறையும் மௌனமும் அவனுடைய நோய்க்குத் தீனி. சாகலாமா என்ற நினைப்பு எட்டிப்பார்த்தால் அன்றைக்கே டாக்டரிடமோ அவசரப் பிரிவுக்கோ போகவேண்டும், வீட்டில் ஒருவர் கூடவே இருக்கவேண்டும். இதை விசுவாசக் குறைவு என்று சொல்லுகிறவர்களிடம் பாக்ஸ்டரின் பெயரைச் சொல்லுங்கள்.

அடுத்த இருநூறு வருடங்களை வேகமாகக் கடந்துவிடலாம். வெஸ்லி குடும்பம், எழுப்புதல்கள், மிஷனெரிகள் எல்லாம் வந்தார்கள். 1879 ஏப்ரல் 1ஆம் தேதி ஸ்கிரிப்ச்சர் யூனியன் தன் தினசரி வேதவாசிப்பு அட்டையோடு ஆரம்பமானது. அதற்கு வித்து போட்டவர் ஆனி மார்ஸ்டன் என்ற ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியை. தன் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்காக தினம் வாசிக்கவேண்டிய பகுதிகளைக் கையால் எழுதிக்கொடுத்தவர். அது நம் ஊருக்கும் வந்தது. நம் அம்மா அப்பாக்களுக்கு அமைதி வேளை என்ற பழக்கத்தைத் தந்தது இந்த வழிதான். பெரிய நன்மை. ஆனாலும் ஒன்று மெல்ல மாறியது என்று எனக்குத் தோன்றுகிறது. பகுதியை மெல்லுவது குறைந்தது, பகுதியை முடிப்பது கூடியது. இன்று அலைபேசிச் செயலி இத்தனை நாள் தொடர்ந்து வாசித்தீர்கள் என்று எண்ணிக் காட்டுகிறது. ஒரு நாள் விட்டால் பூஜ்யம். லூத்தரின் சனிக்கிழமைக் கடன் வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் இருவர் இதை வேறு விதமாகச் செய்து பார்த்தார்கள். 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை ஆரம்பித்த டாக்டர் சவரிராயன் இயேசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரர் டாக்டர் ஏர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும். ஊரார் வாயில் பெரியண்ணன், சின்னண்ணன். இருவரும் மருத்துவர்கள், இருவரும் புராட்டஸ்டன்ட் விசுவாசிகள். ஆஸ்பத்திரியும் ஜெபாலயமும் ஒரே வளாகத்தில். ஜெபாலயத்தை நம் கோயில் கட்டடக் கலையிலேயே கோபுரத்தோடு கட்டினார்கள். நோயாளி பார்ப்பதும் ஆண்டவர் முன் அமைதியாக உட்காருவதும் ஒரே வாழ்க்கை முறைக்குள் அடங்கவேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

மருத்துவ ஆராய்ச்சி இந்த விஷயத்துக்குப் பின்வாசல் வழியாக வந்து சேர்ந்தது. ஹார்வர்டில் வால்டர் கேனன், பூனையின் முன் குரைக்கும் நாயை நிறுத்தி, பயந்த பூனையின் இரத்தத்தில் அட்ரினலின் ஏறுவதைக் காட்டினார். அவருடைய புத்தகம் 1915இல் வந்தது. எதிர்த்து நிற்பதற்கோ ஓடுவதற்கோ உடல் தயாராகிறது: இதயம் வேகமாகிறது, மூச்சு மேலெழுகிறது, வயிறு வேலையை நிறுத்துகிறது. 1936இல் ஹான்ஸ் செல்யே, இந்த நிலை நாள் கணக்கில் நீடித்தால் உடலே பழுதாகிறது என்று சிறு கடிதமாக வெளியிட்டார். ஸ்ட்ரெஸ் என்ற சொல்லைப் பின்னாளில் உலகமெங்கும் பரப்பியவரும் அவர்தான். நம் வீடுகளில் நாய் வெளியே இல்லை. தவணைக் கட்டணம், விசாக் கடிதம், ஊரிலிருந்து நள்ளிரவில் வரும் அழைப்பு எல்லாம் அட்ரினலினுக்கு நாய் குரைப்பதுதான்.

அதே ஹார்வர்டின் இதய மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன், 1970ஐ ஒட்டி மந்திர தியானம் செய்பவர்களை ஆய்வுக்கூடத்தில் உட்காரவைத்துச் சோதித்தார். அவர்கள் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜன் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்தது. மூச்சும் மெதுவானது. பிறகு பழைய நூல்களைத் தேடிப்போனபோது, கிறிஸ்தவ, யூத ஜெப மரபுகளிலும் இதே இரண்டு காரியங்களைக் கண்டார்: ஒரு வார்த்தையைத் திரும்பச் சொல்லுதல், வேறு எண்ணம் வந்தால் அதோடு சண்டை போடாமல் மெதுவாகத் திரும்பி வருதல். 1975இல் வெளிவந்த அவருடைய புத்தகம் இதைப் பரப்பியது. தன் சொந்த விசுவாசத்திலிருந்து வார்த்தை எடுத்தவர்கள் பழக்கத்தை விடாமல் வைத்திருந்தார்கள் என்று அவர் பின்னர் எழுதினார். 1979இல் ஜான் கபாட்-சின் மாசசூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில் எட்டு வாரப் பயிற்சி ஒன்றை ஆரம்பித்தார். அது பௌத்த தியானத்திலிருந்து சமயப் பேச்சை எடுத்துவிட்டு அமைத்தது. பள்ளிக்கூடங்களுக்கு வந்திருக்கிற மைண்ட்ஃபுல்னஸ் பெரும்பாலும் இந்த வழியில் வந்தது. ஆகவே பெற்றோரின் சந்தேகத்துக்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. அவர்களைப் பார்த்துச் சிரிக்கவேண்டியதில்லை. வகுப்பில் என்ன செய்யச் சொல்லுகிறார்கள் என்று ஆசிரியரிடம் நேரடியாகக் கேளுங்கள், சொல்லுவார்கள். அநேகமாக அது மூச்சைக் கவனிப்பதும் உட்கார்ந்திருப்பதுமாகத்தான் இருக்கும்.

2001இல் வந்த ஓர் ஆய்வு எனக்கு ஹாகாவை நினைவூட்டியது. இத்தாலியில் லூசியானோ பெர்னார்டியும் உடனிருந்தவர்களும் ஆரோக்கியமான 23 பேரை ஜெபமாலை ஜெபத்தை லத்தீனில் சொல்லவைத்தார்கள். பின்னர் ஒரு மந்திரத்தையும் சொல்லவைத்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாக இறங்கியது, இதயமும் இரத்த அழுத்தமும் ஒன்றோடொன்று இசைந்து ஏறி இறங்கின. காரணம் எளிது: நீண்ட வாக்கியத்தை மெதுவாக முணுமுணுத்தால் நீண்ட மூச்சு வெளியே போகத்தான் வேண்டும். அப்படியானால் ஜெபம் வெறும் மூச்சுப் பயிற்சியா என்று ஒரு வாலிபர் கேட்டார். நல்ல கேள்வி. தாய் தாலாட்டினாலும் பிள்ளையின் மூச்சு மெதுவாகும். அதற்காகத் தாய் இல்லை என்று ஆகிவிடாது. லூத்தர் பீட்டரின் நாடித்துடிப்பை இறக்குவதற்காக எழுதவில்லை. யாரிடம் பேசுவது என்று கேட்டவருக்குப் பதிலாக எழுதினார். உடல் அமைதியாவது வழியில் கிடைப்பது.

எவ்வளவு கிடைக்கும் என்றும் சொல்லவேண்டும். 2014இல் 47 ஆய்வுகளை, 3,515 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். தியானப் பயிற்சி பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றை ஓரளவு குறைக்கிறது. உடற்பயிற்சியையோ மருந்தையோ விடச் சிறந்தது என்பதற்குச் சான்று இல்லை. இது பெரிய அறிவிப்பு அல்ல, ஆனால் நேர்மையான அறிவிப்பு. படபடப்போடு தேர்வுக்குப் போகிற பிள்ளைக்கு அந்த ஓரளவு போதும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை நிறுத்தக்கூடாது.

எப்படிச் செய்வது என்று கேட்கிறவர்களுக்கு நான் 131ஆம் சங்கீதத்தைத் தருவேன். மூன்றே வசனம், பால் மறந்த குழந்தை தாயின் மடியில் கிடப்பது பற்றி. அலைபேசியை வேறு அறையில் வையுங்கள், தினமும் ஒரே வேளையில் பத்து நிமிடம் உட்காருங்கள். இரண்டாம் வசனத்தை மட்டும் வாய்க்குள் மெதுவாக, மூச்சு முழுதும் வெளியே போகும் அளவுக்குச் சொல்லுங்கள். மனம் பரீட்சைக்கு ஓடும். ஓடட்டும். திரும்ப வசனத்துக்கு வாருங்கள். முதல் வாரத்தில் பத்து நிமிடத்தில் எட்டு நிமிடம் மனம் வெளியேதான் இருக்கும். இது எல்லாருக்கும் உள்ளதுதான். பிறகு லூத்தரின் நான்கு இழைகள்: கற்றது, நன்றி, அறிக்கை, விண்ணப்பம்.

இரவு வேலைக்குப் போகும் பேருந்தில் எனக்கு இதற்கு இருபது நிமிடம் கிடைக்கும். சில நாள் நான்கு இழையும் பின்னி முடிகிறது. பல நாள் நன்றி சொல்லுகிற இழையிலேயே ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்துவிடும். மற்ற இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு இறங்கிவிடுவேன். பீட்டருக்குக் கொடுத்த அந்த அனுமதியை லூத்தர் எனக்கும் சேர்த்துத்தான் அச்சிட்டிருக்கிறார்.